சைடு மிரரைச் சின்னதாக்கினால் மைலேஜ் கூடுமா?

காரோடு வந்த சைடு மிரர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, அவற்றில் பாதி அளவுக்கு நீங்களே செய்த மிரர்களை மாட்ட நினைக்கிறீர்கள். அலுமினியத் தகட்டில் ஒட்டிய சிறிய குவி ஆடி, அதைத் தாங்க ஒரு மெல்லிய கம்பி, மிரர் இருந்த முக்கோண மூலையில் இரண்டு போல்ட், இதுதான் நீங்கள் எழுதியிருக்கும் திட்டம். தினமும் நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓட்டுவதால், காற்றின் தடை குறைந்தால் எரிபொருள் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காற்றுத்தடை குறையுமா, குறைந்தால் அது கணக்கில் வரும் அளவுக்கு இருக்குமா, அதற்குப் பதிலாக எதை இழக்கிறோம். மூன்றாவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வாகன மிரர்களை வடிவமைத்துச் சோதிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. அதனால் பதிலில் பெரும்பகுதி அங்கேதான் போகும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். சைடு மிரர் காற்றைத் தடுக்கிறது, அதை எடுத்துவிட்டால் தடை குறையும். காரின் மொத்தக் காற்றுத்தடையில் இரண்டு மிரர்களின் பங்கு பொதுவாக 2 முதல் 7 சதவீதம் வரை என்று சொல்வார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு மிரரின் பரப்பு சுமார் 0.03 சதுர மீட்டர், இரண்டும் சேர்ந்து 0.06. காரின் முன்பரப்பு 2.2 சதுர மீட்டர் என்று வைத்தால் இது 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் மிரர் நிற்கும் இடம் அப்படி. முன்கண்ணாடியில் மோதி இரு பக்கமும் பிரிகிற காற்று, கண்ணாடி ஓரத்துத் தூணைச் சுற்றி வளையும்போது காரின் வேகத்தைவிட வேகமாகப் பாய்கிறது. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், பரப்பில் 3 சதவீதம்கூட இல்லாத ஒரு பொருள் தடையில் அதைவிடக் கூடுதல் பங்கை எடுத்துக்கொள்கிறது. இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 2018-இல் அறிமுகமான ஆடி இ-டிரான் காரில் சாதாரண மிரர்களுக்குப் பதிலாக மெல்லிய கேமரா கைகளை வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தது. ஒரு வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்ணை இழுவைக் கெழு என்பார்கள். சாதாரண மிரரோடு அந்தக் காரின் இழுவைக் கெழு 0.28, கேமராவோடு 0.27. அதாவது சுமார் 3.5 சதவீதம். காற்றுச் சுரங்கத்தில் வைத்து, நல்ல பொறியாளர்கள் செய்த வேலையின் பலன் இவ்வளவு. ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1 என்ற காரிலும் மிரர் இல்லை, கேமராதான். அதன் கெழு 0.189. ஆனால் அந்த எண்ணுக்கு முக்கியக் காரணம் மிரர் அல்ல, மூடிய பின்சக்கரங்களும் குறுகிக்கொண்டே போகும் பின்பகுதியும் தட்டையான அடிப்பகுதியும்தான்.

சரி, இதை உங்கள் காருக்குக் கொண்டுவருவோம். உங்கள் கார் மாடலை நீங்கள் எழுதவில்லை, அதனால் ஒரு நடுத்தரக் காரை எடுத்துக்கொள்கிறேன். எடை 1400 கிலோ, இழுவைக் கெழு 0.30, முன்பரப்பு 2.2 சதுர மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இதன் காற்றுத்தடை சுமார் 305 நியூட்டன் (நியூட்டன் என்பது விசையின் அலகு). டயர் உருளும் தடை இன்னொரு 137 நியூட்டன். மொத்தம் 440-க்குக் கொஞ்சம் மேல். காற்றுத்தடையில் மிரர்களின் பங்கு 4 சதவீதம் என்று வைத்தால் அது 12 நியூட்டன். இரண்டு மிரர்களையும் அடியோடு வெட்டி எறிந்து, அந்த இடத்தை வழவழவென்று மூடினால் கிடைப்பது இந்த 12. உங்கள் திட்டம் பாதியாகக் குறைப்பது. அது கச்சிதமாக நடந்தாலும் 6 நியூட்டன்தான், மொத்தத் தடையில் 1.4 சதவீதம். நூறு கி.மீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் காரில் இது 60 முதல் 80 மில்லி லிட்டர். பத்தாயிரம் கி.மீ. இடைவிடாமல் நூறு வேகத்தில் ஓட்டினால் ஆறிலிருந்து எட்டு லிட்டர் மிச்சம். நகரத்துக்குள் 50 வேகத்தில் காற்றுத்தடை நாலில் ஒன்றாகிவிடும், மிரரின் பங்கும் அப்படியே. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மிரரைக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன், ஐந்து சதவீதம் கூடியது, எட்டு சதவீதம் கூடியது என்று பலர் எழுதுவதை நீங்களும் படித்திருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. டேங்கை நிரப்பி ஓடிய தூரத்தை வகுத்துப் பார்க்கும் முறையில் இவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது என்பதுதான் விஷயம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், அது இலைகூடச் சரியாக அசையாத அளவுக் காற்றுதான், நூறு வேகத்தில் காற்றுத்தடை 7 சதவீதம் ஏறிவிடும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறையும், தடையும் அதே அளவு இறங்கும். சாலை ஒரு கி.மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டும் ஏறினால், கண்ணுக்குத் தெரியவே தெரியாத அந்த ஏற்றம் 1400 கிலோ காரை 13.7 நியூட்டனால் பின்னுக்கு இழுக்கும். இரண்டு மிரர்களும் சேர்ந்து செய்வதைவிட அதிகம் அது. வண்டியை நூறிலிருந்து நியூட்ரலில் உருளவிட்டு 90-க்கு வர எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கும் முறை கொஞ்சம் மேல். ஆனால் அதிலும் மொத்த நேரம் ஒன்பது நொடிக்குச் சற்று அதிகம், பாதி மிரரின் பலன் அதில் ஒரு நொடியில் சுமார் எட்டில் ஒரு பங்கு. ஒரே இடத்தில், இரண்டு திசையிலும், மிரரை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுத்தால் ஏதோ ஒன்று தெரியலாம். ஒரு வாரம் பழைய மிரர், ஒரு வாரம் புதிய மிரர் என்று ஓட்டி வரும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

இனி, உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்லும் முதல் விஷயம். மிரர் பாதியானால் தடையும் பாதியாகும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது சரியல்ல. தடையைத் தீர்மானிப்பது பரப்பு மட்டுமல்ல, வடிவமும்தான். காற்றுக்கு நேராக நிறுத்திய தட்டையான தகட்டின் இழுவைக் கெழு சுமார் 1.17. அரைக்கோளத்தின் உருண்டைப் பக்கம் காற்றைப் பார்த்து இருந்தால் சுமார் 0.4. கார் மிரரின் கூடு முன்பக்கம் உருண்டு இருப்பது அழகுக்காக அல்ல. அந்தக் கூட்டின் கெழு 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.03 சதுர மீட்டர் பரப்போடு பெருக்கினால் 0.0135. உங்கள் தட்டையான அலுமினியத் தகடு அதில் பாதிப் பரப்பு, 0.015. அதை 1.17-ஆல் பெருக்கினால் 0.0175. பரப்பைப் பாதியாக்கி, தடையைக் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் கூட்டியிருக்கிறீர்கள். மேலும் அந்தக் கம்பி இருக்கிறது. உருளையான கம்பியின் கெழுவும் 1.2-ஐ ஒட்டித்தான் இருக்கும். 12 மி.மீ. தடிமனில் 20 செ.மீ. நீளம் என்றால் இன்னொரு 0.003 கூடுகிறது. இந்த எண்கள் திறந்த வெளியில் தனியாக நிற்கும் பொருளுக்கு உரியவை. காரின் பக்கவாட்டை ஒட்டி நிற்கும்போது அப்படியே இருக்காது, கொஞ்சம் கூடவோ குறையவோ செய்யும். ஆனால் தட்டைக்கும் உருண்டைக்கும் உள்ள வித்தியாசம் எங்கேயும் போகாது. நீங்கள் எழுதியபடியே செய்தால் மைலேஜ் குறையக்கூட வாய்ப்பிருக்கிறது.

அதே கம்பியைப் பற்றி இன்னொன்று. காற்றில் நிற்கும் உருளையின் பின்னால் சுழல்கள் மாறி மாறி உதிரும். நூறு வேகத்தில் 12 மி.மீ. கம்பிக்கு அது நொடிக்குச் சுமார் 460 தடவை. அதாவது தெளிவாகக் காதில் கேட்கும் ஒரு சுருதி, உங்கள் காதுக்கு அருகில், பயணம் முழுக்க. கம்பியை விமான இறகு வடிவில் மூடினால் இதுவும் போகும், தடையும் பெருமளவு போகும். மழை விஷயமும் உண்டு. தொழிற்சாலை மிரரின் கூட்டு விளிம்பில் இருக்கும் சின்னச் சின்ன வாய்க்கால்கள், மழைநீர் மிரர் மேலும் பக்க ஜன்னல் மேலும் வழியாமல் திருப்பிவிடுவதற்காக வைத்தவை. அவற்றை வடிவமைக்கிறவர்கள் அந்த ஒரு விளிம்புக்காக மெனக்கெடுவது வெளியே தெரியாது, அதை எடுத்துவிட்ட பிறகு முதல் மழையில் தெரியும்.

இப்போது மூன்றாவது கேள்வி. மிரர் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? உள்ளே மோட்டார் வைக்க என்று சிலர் நினைக்கிறார்கள். முதல் காரணம் அதுவல்ல, உங்கள் கண் மிரரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான். தட்டையான மிரரில் தெரியும் காட்சியின் கோணம், உங்கள் கண்ணிலிருந்து அந்த மிரர் எவ்வளவு கோணத்தை அடைக்கிறதோ அவ்வளவுதான். ஜன்னலோடு இதை ஒப்பிடலாம். சின்ன ஜன்னல் வழியாகக் கொஞ்சம்தான் தெரியும், எட்டி நின்றால் இன்னும் கொஞ்சமாகத் தெரியும். டிரைவர் பக்கம் கண்ணிலிருந்து மிரர் ஏறக்குறைய 70 செ.மீ. தூரம். சாய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிரரின் பயனுள்ள அகலம் 15 செ.மீ. இதற்குக் கிடைப்பது 12 டிகிரி. மறுபக்க மிரர் 130 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே அதே அகலத்துக்கு 6.6 டிகிரிதான். இதனால்தான் மிரரைக் கொஞ்சம் குவித்துச் செய்கிறார்கள். வளைவின் ஆரம் குறையக் குறைய மிரர் அதிகமாகக் குவியும். வளைவு ஆரம் 1200 மி.மீ. என்றால், 15 செ.மீ. அகலத்துக்கு வளைவினால் மட்டும் கூடுதலாக 14 டிகிரி கிடைக்கிறது. ஆக டிரைவர் பக்கம் 26, மறுபக்கம் 21 டிகிரி.

இதே ஆரத்தில் மிரரின் அகலத்தைப் பாதியாக்கினால் இரண்டு பங்குமே பாதியாகும். டிரைவர் பக்கம் 13 டிகிரி, மறுபக்கம் 10.5. இது போதுமா? ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதிமுறை எண் 46-ஐப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. கார்களின் வெளி மிரருக்கு அது கேட்பது இதுதான். டிரைவரின் கண்ணுக்கு 20 மீட்டர் பின்னாலிருந்து அடிவானம் வரை, காரின் பக்கவாட்டிலிருந்து வெளியே 4 மீட்டர் அகலத்துக்குச் சாலை தெரிய வேண்டும். கூடவே 4 மீட்டர் பின்னாலிருந்தே ஒரு மீட்டர் அகலத்துக்கும் தெரிய வேண்டும். இதைக் கோணமாக மாற்றினால் பக்கவாட்டில் சுமார் 12 டிகிரி வருகிறது. உங்கள் பாதி மிரர் டிரைவர் பக்கம் மயிரிழையில் தேறும், மறுபக்கம் தேறாது. தேறும் பக்கத்திலும் மிச்சம் எதுவும் இல்லை. சீட்டில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே காட்சி வெளியே போய்விடும். நான் சொல்லும் கோணங்கள் கையால் போட்ட கணக்கு. உங்கள் காரில் தூரங்கள் வேறாக இருந்தால் ஓரிரு டிகிரி மாறும், முடிவு மாறாது.

அதற்குத்தான் இன்னும் அதிகமாகக் குவிந்த ஆடி வாங்குகிறேன், பெரிய மிரரில் தெரியாத மூலையைப் பார்க்க ஒட்டுகிற வட்ட மிரர் போல, என்று நீங்கள் சொல்லக்கூடும். இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. பாதி அகலத்தில் பழைய 26 டிகிரியைத் திரும்பப் பெற வளைவு ஆரம் 420 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். கோணம் கிடைத்துவிடும். ஆனால் அதே காட்சி சின்ன இடத்துக்குள் சுருங்கி உட்கார வேண்டும் அல்லவா? 1200 மி.மீ. ஆரத்தில் டிரைவர் பக்கம் தெரியும் உருவம், தட்டை மிரரில் தெரிவதில் 0.46 பங்கு. 420 மி.மீ. ஆரத்தில் 0.23 பங்கு. மறுபக்கத்தில் 0.14, அதாவது ஏழில் ஒரு பங்கு. 50 மீட்டர் பின்னால் வரும் கார், டிரைவர் பக்கத்துச் சின்ன மிரரில் 200 மீட்டருக்கு அப்பால் இருப்பது போலத் தெரியும். 100 மீட்டர் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் 70 செ.மீ. என்றால் நேரில் பார்க்கும்போது 24 கலை, அதாவது டிகிரியில் அறுபதில் 24 பங்கு. மறுபக்கச் சின்ன மிரரில் அது மூன்றரைக் கலைக்கும் குறைவு. நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற எல்லையே ஒரு கலைதான். அந்த மோட்டார் சைக்கிள் அங்கே ஒரு புள்ளி. வருகிறதா நிற்கிறதா என்று சொல்ல, அந்தப் புள்ளி பெரிதாகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று கலை நாலு கலையாக மாறுவதை, லேன் மாறும் அவசரத்தில், ஒரு நொடிப் பார்வையில் யாராலும் கவனிக்க முடியாது. உங்களைவிட 40 கி.மீ. வேகமாக வருகிற வண்டி அந்த 100 மீட்டரை ஒன்பது நொடியில் கடந்துவிடும். லேன் மாறி முடிக்கவே நாலைந்து நொடி ஆகும்.

இந்தச் சுருக்கம் ஆபத்து என்பதால்தான் விதிமுறைகள் ஆரத்துக்குக் கீழ் எல்லை வைத்திருக்கின்றன. ஐ.நா. விதிமுறையில் கார்களின் முக்கிய வெளி மிரருக்குக் குறைந்தது 1200 மி.மீ. அமெரிக்க விதிமுறை டிரைவர் பக்கம் தட்டை மிரரையே கேட்கிறது. மறுபக்கம் குவி மிரர் வைத்தால் ஆரம் 889 முதல் 1651 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், பொருள்கள் தெரிவதைவிட அருகில் இருக்கின்றன என்ற எச்சரிக்கையும் மேலே பொறித்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஒட்டு மிரர்கள் பெரிய மிரருக்குத் துணையாக இருக்க வேண்டியவை. பக்கத்தில் ஒரு வண்டி இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு அவை நன்றாகப் பதில் சொல்லும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்ற கேள்விகளுக்கு அவற்றிடம் பதில் இல்லை.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர் என்றால் இன்னொரு தொல்லை சேரும். தட்டை மிரரில் தெரியும் உருவம் உண்மையான தூரத்திலேயே இருப்பது போலக் கண்ணுக்கு இருக்கும், சாலையைப் பார்த்த பார்வையிலேயே அதையும் பார்க்கலாம். குவி மிரரில் உருவம் மிரருக்குச் சற்றுப் பின்னால் நிற்கிறது. 420 மி.மீ. ஆரத்தில் அது வெறும் 21 செ.மீ. பின்னால், அதாவது கண்ணிலிருந்து 91 செ.மீ. தூரத்தில். தூரப் பார்வையிலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்துக்குக் கண் குவிந்து திரும்பவும் வெளியே போக வேண்டும். இளம் கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு உருவம் மங்கலாகவே நின்றுவிடும்.

அதிர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், வீட்டில் செய்த மிரர்களில் நான் அதிகம் பார்த்த குறை இதுதான். மிரர் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு ஆடினால் போதும். பிரதிபலிப்பில் அது இரட்டிப்பாகி, 100 மீட்டர் தூரத்துக் காட்சி 35 செ.மீ. ஆடும். நாலு சிலிண்டர் எஞ்சின் 800 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது நொடிக்கு 27 தடவை உதறுகிறது. மெல்லிய கம்பி முனையில் வைத்த எடையின் இயல்பான அதிர்வெண் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் வந்து விழும். அப்போது இரண்டும் ஒத்துப்போய் ஆட்டம் பெருகும், இரவில் பின்னால் வரும் விளக்கு ஒரு கோடாகத் தெரியும். இந்தத் தொல்லை மிரர் அளவுக்கே பழையது. 1911-இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்ற ரே ஹாரூன், கூட ஒரு ஆளை ஏற்றாமல் தன் காரில் ஒரு பின்பார்வை மிரரைப் பொருத்தி ஓட்டினார். செங்கல் பாவிய அந்தத் தடத்தின் குலுக்கலில் அதில் ஒன்றும் தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். உங்கள் பிராக்கெட் எவ்வளவு குட்டையாகவும் அடியில் அகலமாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை மிரர் இடித்தால் மடங்கும், அப்படி மடங்குகிறதா என்று ஊசல் எடையால் இடித்துச் சோதித்த பிறகுதான் ஒப்புதல் கிடைக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான விளிம்புகளுக்கு 2.5 மி.மீ. ஆரமாவது உருட்டல் இருக்க வேண்டும். அறுத்த அலுமினியத் தகடு, நடந்து போகும் ஒருவரின் முழங்கை உயரத்தில், மடங்காமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். இது உங்களைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. வீட்டு மிரர் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகத் தெறிக்கும், பின்னால் முழுப்பரப்பிலும் ஒட்டுப் படலம் இல்லாமல் போடவே கூடாது. அக்ரிலிக் மிரர் எளிதில் உடையாது, ஆனால் வெயிலில் வளைந்து காட்சியைக் கோணலாக்கும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். புதிய கார்களில் மிரருக்குள் இண்டிகேட்டர், பனியை நீக்கும் சூடேற்றி, கேமரா, மூலைப் பார்வை எச்சரிக்கை விளக்கு இருக்கும். சிலவற்றில் ஏசி நம்பியிருக்கும் வெளி வெப்பநிலை உணரியும் அங்கேதான். கழற்றுவதற்கு முன் அந்த வயர்கள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்தைப் பொறுத்தவரை விவரம் நாட்டுக்கு நாடு மாறும். ஒப்புதல் பெற்ற பாகத்தை எடுத்துவிட்டு ஒப்புதல் இல்லாததை மாட்டுவது பெரும்பாலான இடங்களில் தகுதிச் சோதனையில் நிற்காது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் கேள்வி வரும். உங்கள் ஊர் விதியை நீங்களே படித்துப் பார்ப்பதுதான் நல்லது.

மிரரே வேண்டாம், சின்னக் கேமராவும் திரையும் போதுமே என்ற எண்ணம் அடுத்து வரும். ஐ.நா. விதிமுறை 2016 முதல் மிரருக்குப் பதிலாகக் கேமராவை அனுமதிக்கிறது. ஆனால் அது படம் வரும் தாமதம், இரவில் விளக்கொளி பரவுதல், வெயிலில் திரை வெளிறுதல் எல்லாவற்றையும் அளந்து கேட்கிறது. கடைக் கேமராவையும் போன் திரையையும் இணைத்துச் செய்வது அந்த வகையில் சேராது. முதலில் இருட்டில், பிறகு மழையில் அது கைவிடும்.

பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் கார், அல்லது எரிபொருள் சிக்கனப் போட்டிக்காகக் கட்டும் வண்டி என்றால் என் பதில் வேறு. அங்கே செய்யலாம், செய்யவும் வேண்டும். அப்படியானால் மிரர் பரப்பை முடிந்தவரை விட்டுவைத்து, அதைச் சுற்றியுள்ள கூட்டை மெலிதாக்குங்கள். மோட்டார், மடக்கும் பொறி எல்லாம் இல்லாததால் கூட்டின் ஆழமும் விளிம்பும் கணிசமாகக் குறையும். முன்பக்கம் முட்டை முனை போல நன்றாக உருளட்டும், பின்விளிம்பு கூர்மையாக முடியட்டும், தாங்கும் கை இறகு வடிவில் இருக்கட்டும், காரின் உடலுக்கும் கூட்டுக்கும் நடுவே காற்று தாராளமாகப் போக இடைவெளி விடுங்கள். ஆரம் 1200 மி.மீ.க்குக் கீழே இறங்க வேண்டாம். வேறு ஒரு காரின் மிரர் கண்ணாடியை வாங்கி வெட்டிக்கொண்டால் ஆரமும் பூச்சும் சரியாக வந்துவிடும்.

எதை மாட்டினாலும், அல்லது எதையும் மாட்டாமல் இப்போதிருப்பதோடே, இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். காரை வெறிச்சோடிய தரையில் நிறுத்துங்கள். உங்கள் கண் இருக்கும் இடத்திலிருந்து 20 மீட்டர் பின்னால், காரின் பக்கத்திலிருந்து 4 மீட்டர் வெளியே ஒரு குச்சியை நடுங்கள். 4 மீட்டர் பின்னால், ஒரு மீட்டர் வெளியே இன்னொன்று. வழக்கமாக ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, தலையை அசைக்காமல், இரண்டு குச்சிகளின் அடியும் அடிவானமும் ஒரே சமயத்தில் மிரரில் தெரிகிறதா பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு மிரரின் மேல் காகிதத்தை ஒட்டி, நீங்கள் செய்ய நினைக்கும் அளவுக்கு மறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். காசு செலவில்லாமல், எதையும் கழற்றாமல், கால் மணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும்.

மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், மேலே போட்ட அதே கணக்கில் வேறு இடங்களில் நிறையக் கிடைக்கிறது. நூறில் ஓட்டுவதை 95 ஆக்கினால் காற்றுத்தடை 30 நியூட்டன் இறங்கும். உங்கள் பாதி மிரர் திட்டம் முழு வெற்றி பெற்றாலும் தருவதைப்போல் ஐந்து மடங்கு இது, நூறு கி.மீ. பயணத்தில் மூன்று நிமிடம்தான் கூடுதலாக ஆகும். டயர் மாற்றும் நேரம் வரும்போது உருளும் தடை குறைந்ததாகத் தேர்ந்தெடுத்தால், கெழு 0.010-லிருந்து 0.008-க்கு வந்தாலே 27 நியூட்டன். கூரையில் சாமான் கம்பிகள் வெறுமனே இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், அவை பெரும்பாலும் மிரர்களைவிட அதிகமாக இழுக்கும். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வைத்திருங்கள். இவை எல்லாம் செய்த பிறகும் மிரர் மேல் மனம் இருந்தால், கார் மாடலையும், கண்ணிலிருந்து இரண்டு மிரர்களுக்கும் உள்ள தூரத்தையும், குச்சிச் சோதனையில் எது தெரிந்தது எது தெரியவில்லை என்பதையும் எழுதுங்கள். கூட்டின் வடிவத்தைப் பற்றி அந்த அளவுகளை வைத்துப் பேசலாம்.